இரவல் சேலை

எண்ணெய் மாற்றக் காரை விட்டேன். ஸ்காபரோ விற்பனையகத்தில் இரவலுக்குத் தந்தது, எண்ணெயே கேட்காத மின்கார்! மின்கார் வாங்க ஒன்ராறியோ ஒருகாலத்தில் 14,000 டொலர் வரை மானியம் தந்தது. 2018இல் டக் ஃபோர்ட் அரசு அதை நிறுத்தியது. ஒட்டாவா மத்திய அரசின் 5,000 டொலரும் நிதி தீர்ந்து 2025 ஜனவரியில் நின்றது. இரண்டு அரசுகள் காசு காட்டியும் ஏறாத என்னை ஒரு எண்ணெய் மாற்றம் ஏற்றிவிட்டது.

401 நெடுஞ்சாலையில் மைனஸ் 18. குளிரில் பற்றரி சோரும். ஹீட்டர் வேறு அதிலேயே உறிஞ்சும். மீதிக் கிலோமீற்றர் கண்முன்னே கரைய, ஹீட்டரை அணைத்தேன். கையுறை, மப்ளர், கம்பளித் தொப்பி.

பின் இருக்கையிலிருந்த மாமி கேட்டார்: “தம்பி, கண்ணாடி பூட்டேல்லையோ?”

திருப்பிக் கொடுக்கையில் விற்பனையாளர் சிரித்தார்: “பிடிச்சுதோ அண்ணை? சார்ஜ் நிரப்பினீங்களோ?”