செல்போனை யார் தந்தார்கள்?

கேள்வி: ஏழைகளுக்கு மலிவு விலையில் செல்போன் தர கம்பெனிகள் போட்டி போட்டனவே, ஜெயித்தது யார்?
– வாசகி, செஞ்சி

பதில்: முதலில் களமிறங்கியது அரசியல். 2016 தேர்தலில் ரேஷன் அட்டைதாரர்களுக்கு இலவச செல்போன் என்று அ.தி.மு.க. வாக்குறுதி தந்தது, போன் வந்து சேரவில்லை. அடுத்த ஆண்டே ஜியோபோன் வந்தது. 1,500 ரூபாய் முன்பணம்; மூன்று வருடம் கழித்துப் போனைக் கொடுத்தால் பணம் திரும்பும் என்றார்கள். ஆனால் வருடத்துக்கு 1,500 ரூபாய்க்காவது ரீசார்ஜ் செய்திருக்க வேண்டும். வேறு கம்பெனி சிம்மும் அதில் வேலை செய்யாது. பதிலுக்கு ஏர்டெல், கார்பன் நிறுவனத்தோடு சேர்ந்து 2,899 ரூபாய் போனை 1,399க்குத் தருவதாகச் சொன்னது. மீதி 1,500 மூன்று வருடத்தில், ரீசார்ஜ் கணக்கைப் பார்த்துத்தான் திரும்பும் என்றது.

அந்தப் போட்டியால் நன்மை உண்டு, மறுக்க மாட்டேன். சாதாரண பட்டன் போனிலேயே 4ஜி வந்தது. ஆனால் உங்கள் ஊர் வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஆடு வாங்கினால், அதைக் கட்டும் கயிற்றுக்கு மாதாமாதம் யாரும் வாடகை கேட்பதில்லை. போனில் கேட்கிறார்கள். 2024 ஜூலையில் தனியார் கம்பெனிகள் மூன்றும் அடுத்தடுத்துக் கட்டணத்தை ஏற்றின. கூலி வேலைக்குப் போகும் வீட்டில் சிம் உயிரோடு இருக்கவே தனிச் செலவு என்பது அநியாயம்.

ஒரு நல்ல செய்தி: பேச்சுக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டுமான பேக் தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விதி கொண்டுவந்தது. நெட் வேண்டாதவர்கள் ரீசார்ஜ் கடையில் அதைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.