கேபிளுக்கும் காத்து வேணும்!

கே: கம்பெனி அட்டவணையில் 100 ஆம்பியர்னு போட்டிருக்கே, நம்பி இழுக்கலாமா மாமா?
– ஐ.டி.ஐ. மாணவர், திருவொற்றியூர்

ப: அடியில் பொடி எழுத்தில் இருப்பதையும் படி மாப்ளே. காற்று 40 டிகிரி, மண் 30 டிகிரி என்று வைத்துத்தான் நம் நாட்டுக் கணக்கு. மே மாதம் தகரக் கூரைக்கு அடியில் 50 டிகிரி வந்தால், பி.வி.சி. கேபிளின் 100 ஏறத்தாழ 82 ஆகிவிடும். மீதியை வெயில் வசூல் பண்ணிக்கொள்ளும்.

கே: எக்ஸ்.எல்.பி.இ. போட்டால் தப்பிக்கலாமா?
– காண்ட்ராக்டர், எண்ணூர்

ப: பி.வி.சி. 70 டிகிரி தாங்கும், இது 90 தாங்கும். அதே கூரைக்கு அடியில் 100 என்பது 89 வரைதான் இறங்கும். ஆனால் கேபிள் தாங்குகிற சூட்டை அது மாட்டியிருக்கும் சுவிட்ச் முனை தாங்குமா? அதை யாரும் கேட்பதில்லை.

கே: டிரேயில் இடம் இருக்கு, இன்னும் நாலு கேபிள் சேர்த்துக் கட்டுங்கிறார் சூப்பர்வைசர்.
– எலக்ட்ரீஷியன், மணலி

ப: ஷேர் ஆட்டோவில் பத்துப் பேரை ஏற்றினால் யாருக்கு வியர்க்கும்? எல்லோருக்கும். ஆறு சர்க்யூட்டை ஒரே கட்டாகக் கட்டினால், உலகத் தரக் கணக்கில் ஒவ்வொன்றும் 57 சதவீதம்தான் சுமக்கலாம். அவர் இடம் என்று சொல்வது, தம்பி, காற்று போகிற வழி.

கே: அப்போ பிரிச்சே போடறேன். மூணு பேஸுக்கும் ஆளுக்கொரு இரும்புக் குழாய்!
– அதே எலக்ட்ரீஷியன்

ப: ஐயோ, அது மட்டும் வேண்டாம்! ஒற்றை பேஸைச் சுற்றி இரும்பு இருந்தால் காந்தப்புலம் குழாயையே காய்ச்சிவிடும். மூன்று பேஸும் நியூட்ரலும் ஒரே குழாயில் போனால்தான் ஒன்றின் புலத்தை மற்றது அடக்கும்.

கே: பழைய ஒயரிலேயே ரெண்டாவது ஏ.சி. மாட்டலாமா?
– இல்லத்தரசி, மணலி புதுநகர்

ப: கரண்ட் இரண்டு மடங்கு என்றால் சூடு நாலு மடங்கு. தனி ஒயர் இழுங்கம்மா.

கே: ஒயர் சூடானா எம்.சி.பி. விழுந்துடுமே?
– அவர் வீட்டுக்காரர்

ப: எம்.சி.பி.க்கு ஆம்பியர் தெரியும், ஒயர் படுத்திருக்கும் இடம் தெரியாது. மூன்று சர்க்யூட்டை ஒரே பைப்பில் திணித்தால் 20 ஆம்பியர் ஒயர் 14-க்கு இறங்கிவிடும். அங்கே 20 ஆம்பியர் எம்.சி.பி. போட்டு 18 இழுங்கள்: ஒயர் வேகும், எம்.சி.பி. தூங்கும்.

கே: மண்ணுக்குள் புதைத்தால் குளுகுளுதானே?
– ஓய்வுபெற்ற ஃபோர்மேன், ராயபுரம்

ப: ஈரம் இருக்கும் வரை. காய்ந்த மணல், கட்டட இடிபாடு, எண்ணூர்ப் பக்கம் கொட்டிக் கிடக்கும் உலர்ந்த சாம்பல், இவையெல்லாம் சூட்டை வெளியே விடாது. வினையும் அங்கேதான் சுழலும்: கேபிளின் சூடு சுற்றியுள்ள ஈரத்தை விரட்டும், ஈரம் போன மண் சூட்டை இன்னும் பிடித்துவைக்கும்.

1998 தொடக்கத்தில் நியூசிலாந்தின் ஆக்லாந்தில், நகர மையத்துக்குப் போன நாலு பெரிய கேபிள்களும் அடுத்தடுத்துப் படுத்தன. சுமார் ஐந்து வாரம் திண்டாட்டம். வறண்ட கோடை அது. காய்ந்த மண்ணும் காரணங்களில் ஒன்று. உங்களைப் போன்றவர்கள் கேபிளைச் சுற்றி நல்ல மணல் போடச் சொன்னபோது "அதுக்கு வேற செலவா?" என்று கேட்டவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

கே: அப்போ 2021-ல கொசஸ்தலையாறு எங்க தெருவுக்கு வந்தப்ப கேபிளுக்குக் கொண்டாட்டமா?
– கல்லூரி மாணவி, மணலி புதுநகர்

ப: சூட்டுக் கணக்கில் லாபம்தான். ஆனால் ஜாயிண்ட்டுக்குள் தண்ணீர் போனால் அந்த லாபம் ஒரே நொடியில் போச்சு. தண்ணீர் நிற்கும்போது பில்லர் பாக்ஸ் பக்கம் தலைவைத்தும் படுக்காதே, கண்ணு.

கே: வைகுண்ட தர்மபதி திருவிழாவுக்கு லைட் போடறேன். சுருள் ஒயரில் பாதிதான் தேவைப்படுது, மீதி சுருளிலேயே இருக்கட்டுமா?
– லைட் செட்காரர், மணலி புதுநகர்

ப: முழுசும் இழுத்து விரி. உள்சுற்றின் சூட்டுக்கு வெளியே வர வழி கிடையாது. நல்ல சுருளில் இரண்டு எண் போட்டிருப்பான். சின்ன எண் சுற்றியபடி ஓட்டுகிறவனுக்கு.

கே: கேபிளைத் தொட்டுப் பார்த்தே சூட்டைச் சொல்லிடுவேன். திறமைதானே?
– ஹெல்பர், மணலி

ப: கைக்குத் தெரிவது தோலின் சூடு. உள்ளே செம்பு அதைவிடக் கொதிக்கும். தொடாமல் அளக்கிற இன்ஃப்ராரெட் கருவி கடையில் கிடைக்கிறது. கையைப் பாக்கெட்டில் வை.