கவர் வந்துச்சா?

ஆறு வருடமாக ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். கதாநாயகன் ஒரு கவர். பழுப்பு நிறம், உயரம் ஒரு சாண். உள்ளே என்ன இருக்கும் என்பதை வாசகருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. குடியாத்தத்தின் சந்து பொந்தெல்லாம் அவனுக்குத் தலைகீழ்ப் பாடம். எந்த வீட்டில் எத்தனை ஓட்டு, எந்தப் பிள்ளை துபாயில், எந்த மருமகள் பிறந்த வீட்டில் கோபித்துக்கொண்டு கிடக்கிறாள், எல்லாம் தெரியும்.

முதல் நான்கு அத்தியாயங்களைப் படித்த என் மனைவி, "இதுல சிரிக்கறதுக்கு இன்னா இருக்கு? நம்ம வீட்டு மளிகை நோட்டு மாதிரி இருக்குது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். விமர்சகர்களில் அவள் ஒருத்திதான் என்னிடம் பொய் சொல்வதில்லை.

எங்கள் ஊருக்கு ஒரு பெருமை உண்டு. எந்தக் கட்சி மேடையானாலும் முதல் ஐந்து நிமிடத்துக்குள் அதைச் சொல்லிவிடுவார்கள். 1954 ஏப்ரலில் முதலமைச்சரானபோது காமராசர் சட்டமன்ற உறுப்பினர் இல்லை. இடைத்தேர்தலில் நின்று, கம்யூனிஸ்ட் வேட்பாளரைத் தோற்கடித்து, சபைக்குள் அவர் நுழைந்தது குடியாத்தம் வழியாகத்தான். என் அம்மாவுக்கு அப்போது 22 வயது. பீடி சுற்றிக்கொண்டிருந்த முறத்தை இறக்கிவைத்துவிட்டுப் போய் ஓட்டுப் போட்டாளாம். "ஒரு முறுக்கு கூட குடுக்கல" என்று கடைசிவரை சிரித்துக்கொண்டே சொல்வாள்.

முதலமைச்சரைக் கொடுத்த தொகுதிக்கு அப்புறம் என்ன ஆனது? 2017 செப்டம்பரில் ஆளுங்கட்சிக்குள் அண்ணன் தம்பிச் சண்டை. தகுதி இழந்த 18 சட்டமன்ற உறுப்பினர்களில் எங்கள் உறுப்பினரும் ஒருவர். 2019 மே மாதம்தான் அடுத்தவர் வந்தார். பாவம், அவர் 2020 பிப்ரவரியில் காலமானார். அதன்பின் 2021 மே வரை மறுபடி காலி. ஏறக்குறைய 44 மாதத்தில் 9 மாதம்தான் எங்களுக்கு எம்.எல்.ஏ. இருந்தார். குடிநீர் வரவில்லை என்று யாரிடம் மனு கொடுப்பது? அலுவலகத்துப் பூட்டிடம் கொடுத்தோம். வேறு சிலரைவிட அது பொறுமையாகக் கேட்டது.

2019 ஏப்ரலுக்கு வருகிறேன். என் கதாநாயகன் அவதரித்த மாதம். வேலூர்ப் பக்கம் ஒரு கிடங்கில் வருமான வரித் துறை 11 கோடி ரூபாய்க்கு மேல் கைப்பற்றியது. கட்டுகளின்மேல் வார்டு விவரம் எழுதியிருந்ததாகச் செய்தி வந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ரேஷன் கார்டில் என் தகப்பனார் பெயரிலிருந்த ஓர் எழுத்தைத் திருத்த மூன்று வருடம் அலைந்தவன் நான். பிழையில்லாமல் வார்டு எழுதத் தெரிந்த ஒரு நிர்வாகம் இந்த நாட்டில் இருக்கிறது என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது.

வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் இருக்க, ஏப்ரல் 16 அன்று வேலூர் மக்களவைத் தேர்தல் ரத்து. பணத்துக்காக மக்களவைத் தேர்தல் ரத்தானது இந்தியாவில் அதுவே முதல் முறை. ஆனால் அதே மக்களவைத் தொகுதிக்குள் இருக்கும் குடியாத்தத்திலும் ஆம்பூரிலும் சட்டமன்ற இடைத்தேர்தல் 18ஆம் தேதி ஜாம் ஜாமென்று நடந்தது! அதே தெரு, அதே சாவடி, அதே விரல். மக்களவை ஓட்டுக்கு மட்டும் தீட்டு. சட்டமன்ற ஓட்டு சுத்தம். தோலைத் தொட்டவனுக்குத் தீட்டு என்று தலைமுறை தலைமுறையாகத் தள்ளிவைத்த நாடு, பணத்தைத் தொட்டவனுக்குப் பாதித் தீட்டு என்று புது சாஸ்திரம் எழுதியது.

மக்களவைக்கான ஓட்டு ஆகஸ்ட் 5 அன்று நடந்தது. வித்தியாசம் 8,141. இடைப்பட்ட மூன்றரை மாதத்தில் தொகுதி எப்படிப் புனிதமானது? நடுவில் வைகாசியில் கெங்கையம்மன் சிரசு வந்தது, வேறெதுவும் எனக்குத் தெரியவில்லை. அம்மனின் வெட்டுண்ட தலையைச் சுமந்துபோய் உடம்போடு சேர்க்கும் திருவிழா. தலை ஓரிடம், உடல் ஓரிடமாகத் தேர்தல் நடத்தியவர்கள் ஒரு நடை வந்து பார்த்திருக்கலாம்.

கவருக்குத் தெரிந்த முகவரி வாஷிங்டனுக்கும் தெரிந்துவிட்டது. என் மருமகள் விடிகாலையில் கம்பெனி வண்டி ஏறி ஆம்பூர் ஷூ கம்பெனிக்குத் தையல் வேலைக்குப் போகிறவள். 2025 ஆகஸ்டில் டிரம்ப் இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீத வரி போட்டார். அதில் பாதி, ரஷ்யாவிடம் எண்ணெய் வாங்கியதற்குத் தண்டனை. அவளுக்கு ஓ.டி. நின்றது. "மாமா, நாம எங்க ரஷ்யா எண்ணெய் வாங்கினோம்?" என்று கேட்டாள். எங்கள் வீட்டில் ரேஷன் பாமாயில், லிட்டர் 25 ரூபாய். மாஸ்கோ எண்ணெயில் எந்த அம்பானி வீட்டு அப்பளம் பொரிந்ததோ, சுட்டது என் மருமகள் கையை.

ஷூ கம்பெனிக்காக நான் அழுகிறேன் என்று தோல் ஷாப்பு முதலாளிகள் சந்தோஷப்பட வேண்டாம். என் மாமனாரின் நிலம் ஆம்பூர்ப் பக்கம் பாலாற்றங்கரையில். தோல் கழிவுநீர் கிணற்றில் இறங்கி, தென்னை குருத்திலேயே கருகியது. இந்தத் தோல் வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் நிலம் முழுதாகவோ பாதியாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போனதை எழுதிவைத்து, 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவனே ஈடுகட்ட வேண்டும் என்றது. சட்டக் கல்லூரிகளில் இன்றும் அது பாடம். 2025 ஜனவரியில் அதே பாலாற்றுக்காக அதே நீதிமன்றம் மறுபடி ஒரு தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. நடுவில் 28 வருடம் ஓடியது, ஆறு ஓடவில்லை. தோலின் தடிமனை மில்லிமீட்டரில் அளக்கும் கருவி எங்கள் பக்கம் ஷாப்புக்கு ஷாப்பு இருக்கிறது. இந்த 28 வருடம் நாற்காலியில் இருந்தவர்களின் தோலை அளக்க அது பற்றாது. எருமைக்கு அவமானம் என்பதால் அந்த உவமையையும் விடுகிறேன்.

இழப்பீடு கேட்டு மாமனார் போட்ட கடைசி மனு, முகவரி முழுமையாக இல்லை என்று திரும்பி வந்தது. அதே முகவரியில்தான் அவர் பிறந்தார், செத்தார்.

நாவலின் கடைசி அத்தியாயம் இன்னும் எழுதவில்லை. எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் ஊரைத் திட்டியவன் வீட்டை மறைக்கக் கூடாது. அம்மா 2018 ஏப்ரலில் போய்விட்டாள். அடுத்த ஏப்ரலில் எங்கள் வீட்டுக்குக் கவர் வந்தது. எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள், கொண்டுவந்த பையனும் சொல்லவில்லை. பட்டியலைப் பார்த்துத் தலைகளை எண்ணினான். வீட்டில் நாங்கள் நான்கு பேர். மனைவி பிரித்துப் பார்த்தாள், ஐந்து பேருக்கானது இருந்தது. பட்டியலில் அம்மா இன்னும் உயிரோடு இருந்தாள்.

அந்தப் பணத்தில்தான் அவளுக்கு வருஷத் தெவசம் கொடுத்தோம். வடையும் பாயசமும் போட்டோம். ஆசைக்கு முறுக்கும் சுட்டு வைத்தோம்.