அப்பாவைப் பற்றி உண்மை எழுத முடியுமா?

(இந்த வாரக் கேள்விகள் சித்தேரி மலையிலிருந்தும் தருமபுரி மாவட்டத்தின் மற்ற ஊர்களிலிருந்தும் வந்தவை.)

கே: அரசியல் தலைவர்களின் வாழ்க்கையை எழுதிப் பேர் வாங்கிய வரலாற்றுப் பேராசிரியர் நம் பக்கம் உண்டா?
– கல்லூரி மாணவி, சித்தேரி

ப: உண்டம்மா. 1923-ல் சென்னையில் பிறந்த சர்வபள்ளி கோபால். ரிப்பன், இர்வின் என்று வைஸ்ராய்களை ஆராய்ந்துதான் தொடங்கினார். வெளியுறவு அமைச்சகத்தின் வரலாற்றுப் பிரிவுக்கு இயக்குநராக இருந்தார். ஆக்ஸ்ஃபோர்டில் பாடம் நடத்தினார். டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் வரலாற்றுத் துறையை வளர்த்தவர்களில் ஒருவர். நேருவின் வாழ்க்கையை 1975, 1979, 1984 என மூன்று தொகுதிகளாகத் தந்தார். முதல் தொகுதிக்கு 1976-ல் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது.

கே: நேருவிடம் வேலை பார்த்தவர் நேருவைப் பற்றி நடுநிலையாக எழுதியிருப்பாரா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், அரூர்

ப: கேட்க வேண்டிய கேள்வி. நேரு மீது அவருக்கு இருந்த மதிப்பு புத்தகம் முழுக்கத் தெரிகிறது; அதை அவர் ஒளிக்கவும் இல்லை. அந்த நெருக்கம் இல்லாவிட்டால் நேருவின் சொந்தத் தாள்கள் அவர் கைக்கு வந்திருக்குமா என்பதும் சந்தேகம். கிட்டப் போனால் பாசம் பிடித்துக்கொள்ளும், எட்ட நின்றால் பெட்டி திறக்காது. இந்தத் தொழிலின் பெரிய சங்கடமே இதுதான்.

ஆனால் கோபாலை நேரு புத்தகத்தை மட்டும் வைத்து எடை போடாதீர்கள். 1989-ல் அவர் எழுதியது ராதாகிருஷ்ணனின் வரலாறு. குடியரசுத் தலைவராக இருந்த அந்தத் தத்துவப் பேராசிரியர் கோபாலின் சொந்தத் தந்தை. தந்தைக்கு மண வாழ்க்கைக்கு வெளியே இருந்த உறவுகளை மகனே எழுதினார். ஒவ்வொரு செப்டம்பர் 5-ம் தேதியும் பள்ளிக்கூடம் தோறும் மாலை விழும் படம் அந்தத் தந்தையுடையது. அந்தப் படத்துக்குப் பின்னால் இருந்த மனிதரை, மதிப்புக் குறையாமலும் மறைக்காமலும் காட்ட எத்தனை நெஞ்சுரம் வேண்டும்! எனக்குக் கோபால் அந்த மூன்று நேரு தொகுதிகளை விட இந்த ஒன்றினால்தான் பெரியவர்.

கே: குடும்பத்தாரே எழுதுவது சரியா?
– பெயர் வேண்டாம் என்றவர், பாப்பிரெட்டிப்பட்டி

ப: நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். ராஜாஜியைப் பற்றி எழுதி 2001-ல் அகாதெமி விருது பெற்ற ராஜ்மோகன் காந்தி, அவருடைய மகள் வயிற்றுப் பேரன். ஈழத் தமிழர் தலைவர் ‘தந்தை’ செல்வாவைப் பற்றி 1994-ல் எழுதிய அரசறிவியல் பேராசிரியர் ஏ. ஜெயரத்தினம் வில்சன், அவருடைய மருமகன். உறவு குற்றமல்ல. உறவைச் சொல்லாமல் எழுதுவதுதான் குற்றம்.

கே: ‘நெஞ்சுக்கு நீதி’ ஆறு பாகம் இருக்கும்போது கலைஞருக்கு இன்னொருவர் எதற்கு வரலாறு எழுத வேண்டும்?
– கடைக்காரர், அரூர்

ப: தன்வரலாறு ஒரு சாட்சியின் வாக்குமூலம். குறுக்கு விசாரணை செய்ய இன்னொருவர் வேண்டாமா?

கே: பிறந்த நாள் மலரில் வருவது?

ப: மலர்.

கே: எங்கள் மாவட்டத்துக்கும் இந்தத் துறைக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?
– இளைஞர், பாப்பாரப்பட்டி

ப: உங்கள் ஊரிலேயே இருக்கிறது தம்பி. 1908-ல் வ.உ.சி.யோடு ஒரே வழக்கில் தண்டிக்கப்பட்ட சுப்பிரமணிய சிவா, சிறையில் தொழுநோய் வாங்கிக்கொண்டு வெளியே வந்து, 1925 ஜூலை 23 அன்று பாப்பாரப்பட்டியில்தான் கண்மூடினார். அந்த வழக்குக்கு முன்னும் பின்னும் நடந்ததைப் பல ஆண்டுகள் தோண்டியவர் ஆ. இரா. வேங்கடாசலபதி. பதினேழு வயதுப் பையனாக இருந்தபோதே, 1984-ல், வ.உ.சி.யின் கடிதங்களைப் பதிப்பித்தவர். ‘திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908’ என்ற நூலுக்கு 2024-ன் அகாதெமி விருது பெற்றார். நாற்பது ஆண்டுகள் ஒரு மனிதரை விடாமல் பின்தொடர்வது என்றால் என்ன என்று யோசித்துப் பாருங்கள். சிவாவுக்கும் அப்படி ஒருவர் வர வேண்டும். உங்கள் ஊரிலிருந்தே வந்தால் எனக்கு இன்னும் மகிழ்ச்சி.

கே: கடிதம், நாட்குறிப்பு என்று எழுதி வைத்தவர்களுக்குத்தானே வரலாறு? எங்கள் மலைச் சனங்களுக்கு ஏது?
– முதலில் கேட்ட அதே மாணவி

ப: இந்தக் கேள்விக்காகவே உங்கள் கடிதத்தைப் பத்திரப்படுத்தியிருக்கிறேன். உங்கள் மலையடிவாரத்தில்தான் வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் சேர்ந்து அந்த ஊருக்குள் புகுந்தன. பதினெட்டுப் பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். குற்றம் சாட்டப்பட்ட அரசு ஊழியர்கள் 269 பேர். 2011-ல் தருமபுரி நீதிமன்றம், அதற்குள் இறந்துபோன 54 பேர் நீங்கலாக, மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்றது. 2023-ல் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அந்த வழக்கில் மலைவாழ் பெண்கள் நீதிபதி முன் நின்று சொன்ன சொற்கள் எழுத்தில் இருக்கின்றன. அதிகாரத்தை எதிர்த்து நின்ற ஒரு வாழ்க்கைக்கு இதைவிட உறுதியான ஆவணம் எந்தத் தலைவரிடம் இருக்கிறது? வனத்துறைக் கோப்புகளில் அதிகாரிகளின் குரல்தான் இருக்கும். அதையும் படியுங்கள், அதற்கு எதிர்க்குரலை ஊரில் கேட்டு எழுதுங்கள்.

இந்தத் துறைக்கு வர நினைத்தால், படிப்பைப் பொறுத்தவரை முதுகலை வரலாறு, நெட் அல்லது செட், முனைவர் பட்டம். எழும்பூர் ஆவணக் காப்பகத்தையும் ரோஜா முத்தையா நூலகத்தையும் இளங்கலையிலேயே ஒரு முறை போய்ப் பார்த்துவிடுங்கள்.

கே: எங்கள் தாத்தா ஊர்க்கவுண்டராக இருந்தவர். அவரைப் பற்றி எழுத ஆசை. யாரிடம் தொடங்குவது?
– விவசாயி, சித்தேரி

ப: அவரோடு சண்டை போட்ட வீட்டுக்காரர்களிடம். அங்கே வயதானவர்கள் யாராவது இருந்தால் இந்த மாதமே போய்ப் பேசுங்கள்.