மொரிஸ் மைனருக்குப் பவர் ஸ்டியரிங் தேவையா?

கேள்வி: எங்கள் பழைய மொரிஸ் மைனரின் ஸ்டியரிங் கனக்கிறது, வளைவில் கார் அலைபாய்கிறது. பவர் ஸ்டியரிங் மாட்டினால் சரியாகுமா?

பதில்: பல்வலிக்கு மூக்குக்கண்ணாடி வாங்கும் யோசனை இது! அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948-இல் வெளிவந்த இந்தக் கார், பிறக்கும்போதே ராக் அண்ட் பினியன் ஸ்டியரிங்கோடு பிறந்தது; இலேசாக, துல்லியமாகத் திரும்புவதற்காகவே பேர் வாங்கியது. அன்று இலேசாக இருந்தது இன்று கனக்கிறதென்றால், குறை வடிவமைப்பில் இல்லை, பராமரிப்பில். முன்சக்கரம் திரும்ப உதவும் ட்ரன்னியன்கள் மரை வெட்டியவை. கிரீஸ் காய்ந்தால் ஸ்டியரிங் இறுகும். மரை தேய்ந்தால் ஒருநாள் சக்கரமே மடிந்துவிடும். ஆகவே முதலில் கிரீஸ், அடுத்து டயர் காற்று, டை ராட் முனைகள், ஷாக் அப்சார்பர்கள், கடைசியாக வீல் அலைன்மென்ட் என்று வரிசையாகப் பாருங்கள்.

‘எல்லாம் பார்த்தாயிற்று, இன்னும் அலைகிறதே’ என்றால், நான்கு சக்கரத்துக்கும் ரேடியல் டயர் போடுங்கள். இரண்டு பழையது, இரண்டு ரேடியல் என்று சிக்கனம் பிடித்தால் கார் இரண்டு மனதோடு வளையும். அகலமான டயரும் வேண்டாம், ஸ்டியரிங் இன்னும் கனக்கும். ‘ரேடியல் போட்டால் அசல் தன்மை கெடுமே’ என்பவர்களுக்கு ஒரு தகவல்: கார் குறுகலாகத் தெரிகிறதென்று மாதிரி வண்டியை நடுவே அறுத்து 4 அங்குலம் அகலமாக்கியவரே இசிகோனிஸ்தான். பவர் ஸ்டியரிங்குக்கு எடுத்துவைத்த பணத்தில் ஒரு கிரீஸ் கன் வாங்குங்கள். மீதிக்குப் பெட்ரோல் போட்டுக்கொள்ளலாம்.