முதல்படி மன்னர்

ஊரப்பாக்கத்தில் தெருவுக்கு ஒருவர் கட்டாயம் இருக்கிறார். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். மறைமலை நகர்ப் பக்கம் ஏதோ ஓர் உதிரிபாகக் கம்பெனியில் கணக்குப் பிரிவு. முதுகுப் பையில் டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில், கூடவே ஓர் அந்நிய மொழிப் பாடப் புத்தகம். அதில் முதல் மூன்று பாடங்கள் கசங்கி அழுக்கேறியிருக்கும். நான்காவது பாடத்திலிருந்து கடையில் வாங்கிய மணம் மாறாது.

என்ன மொழி படிப்பது என்பதை அவர் முடிவு செய்வதில்லை. சுற்றுவட்டாரத் தொழிற்சாலைகள் முடிவு செய்கின்றன. 2007-ல் மகிந்திரா சிட்டிக்கு பி.எம்.டபிள்யூ வந்தது, வேலைக்குச் சேர்ந்த புதிதில் இருந்த நம்மவர் ஜெர்மன் படித்தார். 2010-ல் ஓரகடத்தில் ரெனோ நிஸ்ஸான் ஆலை ஓடத் தொடங்கியது. கம்பெனி பாதி பிரெஞ்சு, பாதி ஜப்பான் என்பதால் எதைப் படிப்பது என்று பல நாள் தூக்கமில்லை. கடைசியில் ஜப்பான் ஜெயித்தது. ஹூண்டாய் 1998-லேயே இருங்காட்டுக்கோட்டையில் கார் செய்ய ஆரம்பித்துவிட்டது. ஆனால், கொரிய மொழிக்கு எதிர்காலம் உண்டு என்பது மகள் கொரியத் தொடர் பார்க்கத் தொடங்கிய பிறகுதான் அவருக்கு உறைத்தது.

இந்த வரலாறு முழுவதும் அவர் வீட்டு ஃபிரிட்ஜில் இருக்கிறது. பொருள்களின் மேல் பெயர் எழுதி ஒட்டினால் மனதில் பதியும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அடியில் மஞ்சள் சீட்டில் 'க்யூல்ஷ்ராங்க்', அதன்மேல் 'ரெய்சோகோ', அதற்கும் மேல் 'நேங்ஜாங்கோ'. "ஏங்க, உள்ள இருக்கிற மாவு புளிச்சுப்போச்சுன்னு ஏதாவது ஒரு பாஷையில எழுதி ஒட்டுங்களேன்" என்கிறார் வீட்டம்மா. அதற்கு இரண்டாம் நிலை இலக்கணம் வேண்டும். நம்மவர் பேசாமல் இருந்துவிடுகிறார்.

ஜெர்மன் வகுப்பு ஏன் நின்றது? கிளாம்பாக்கம் நெரிசல் என்பார். கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்தது 2023 டிசம்பரில். ஜெர்மன் நின்றது அதற்கு வெகுகாலம் முன்பு. போதாததற்கு, ஊரப்பாக்கத்தில் மின்சார ரயில் ஏறினால் நேரே நுங்கம்பாக்கத்தில் இறங்கி கோதே இன்ஸ்டிடியூட்டுக்கு நடந்து போய்விடலாம். நாகரிகம் கருதி நாம் இதையெல்லாம் கேட்பதில்லை.

ஜப்பானிய மொழித் தேர்வு அவருக்கென்றே செய்த மாதிரி. ஜூலையிலும் டிசம்பரிலும் முதல் ஞாயிற்றுக்கிழமை நடக்கும். பேசிக் காட்ட வேண்டியதில்லை, கேட்டும் படித்தும் சரியான விடையைக் குறித்தால் போதும். அதைவிடப் பெரிய வசதி ஒன்று உண்டு. அங்கே என்5 தான் அடிமட்டம், என்1 உச்சி. "சார் அஞ்சு வரைக்கும் போயிட்டாரு, அந்தப் பையன் இன்னும் மூணுலயே நிக்கிறான்" என்று கீழ்வீட்டுக்காரர் வியந்தபோது நம்மவர் அடக்கத்தோடு தலையைக் குனிந்துகொண்டாரே தவிர, மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஒரே ஒரு முறை அந்த மொழி அலுவலகத்தில் பயன்பட்டது. ஜப்பானிலிருந்து வந்த அதிகாரிக்கு நம்மவர் முறைப்படி குனிந்து, மனப்பாடமாய் இருந்த சுய அறிமுகத்தை ஒப்பித்தார். வந்தவர் நெகிழ்ந்துபோய் ஜப்பானிய மொழியில் மடமடவென்று பேசத் தொடங்கிவிட்டார். நம்மவர் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் "ஹாய்", அதாவது ஆமாம், என்றார். மறுநாள் சுற்றறிக்கை வந்தது: மாதக் கடைசி ஞாயிறுதோறும் கணக்குப் பிரிவு முழுவதும் ஸ்டாக் எடுக்க வர வேண்டும். பிரிவில் இன்றுவரை யாரும் அவரோடு டீ குடிக்கப் போவதில்லை.

குணம் பரம்பரையாக வந்தது. 1918-ல் சென்னையில் தொடங்கிய இந்தி பிரச்சார சபையின் பிராத்மிக் சான்றிதழை அவர் அப்பா கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார். மத்தியமாவுக்கு வாங்கிய புத்தகங்கள் பரணில் பத்திரமாக இருக்கின்றன.

இதே ஊரில் இரண்டு தெரு தள்ளி ஒரு செவிலியர் பெண் இருந்தார். இரவு ஷிப்ட் முடித்து வந்து, தூங்கி வழிந்துகொண்டே ஒரே மொழியைப் பிடித்துக்கொண்டார். ஜெர்மனியில் செவிலியராக அங்கீகாரம் பெறப் பொதுவாக பி2 கேட்பார்கள், அதாவது ஆறு படிகளில் நான்காவது. ஏறினார், போய்விட்டார். அவர் வீட்டு ஃபிரிட்ஜில் ஒரு சீட்டுகூட ஒட்டியதில்லை.

எனக்கென்னவோ நம்மவர்மேல் கோபம் வருவதில்லை. முதல் படியில்தான் எல்லா மொழியும் இனிக்கிறது: வணக்கம், நலமா, என் பெயர் இன்னது, ஒரு காபி கொடுங்கள். சம்பளம் உயர்வதோ வினைச்சொற்கள் கழுத்தைப் பிடிக்கும் மேல்படிகளில். இரண்டும் ஒரே படியில் இருந்திருந்தால் இந்நேரம் அவர் ஜெனரல் மேனேஜர்.

செங்கல்பட்டு ரயிலில் காதில் ஒயரோடு முணுமுணுத்துக்கொண்டு வருபவரை நீங்கள் பார்த்தால் தாராளமாகப் பாராட்டுங்கள். "அடுத்த லெவல் எப்ப சார்?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கேட்டால் அன்று சாயங்காலமே ஸ்பானிஷ் வகுப்புக்குப் பணம் கட்டிவிடுவார்.