இருசக்கர வண்டிகளில் கூட்டமாகச் செல்லுதல்: திணை வகுத்து ஓர் ஆய்வு

நண்பர்கள் பத்துப் பேர் பத்து வண்டிகளில் மலைக்குப் போவதை இதுவரை எவரும் திணைப்படுத்தாதது தமிழுக்கு நேர்ந்த குறை. அதை இக்கட்டுரை தீர்க்கிறது. நிலம்: நெடுஞ்சாலையும் கொல்லிமலையும். பொழுது: வைகறை. (வாட்ஸ்அப்பில் ஐந்து மணி, வண்டிகள் நகர்வது ஆறரைக்கு. இதைப் பொழுது மயக்கம் என்று கொள்க.) கருப்பொருள்: டீக்கடை, பங்க்சர் கடை, பெட்ரோல் பங்க். உரிப்பொருளில்தான் சிக்கல். மலை என்பதால் குறிஞ்சி, ஆகவே கூடல் என்று அவசரப்படுவோர் உண்டு. ஆய்ந்து பார்த்தால் அது பாலைக்குரிய பிரிவே.

சான்று காட்டுவோம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர் ஓடுகிறது. முன்னே போகிறவர் பிரேக் பிடித்தது நம் கண்ணில் பட்டு, கை லிவரை அழுத்துவதற்குள் ஒரு நொடியாவது போய்விடும். எனவே நேர் முன்னால் உள்ள வண்டிக்கும் நமக்கும் இரண்டு நொடி இடைவெளி வேண்டும். தலைவர் தடத்தின் வலப்பக்கம், அடுத்தவர் ஒரு நொடி பின்னால் இடப்பக்கம், மூன்றாமவர் மறுபடி வலப்பக்கம் என்று மாற்று வரிசையில் போனால் பத்து வண்டிகளும் சுமார் 150 மீட்டருக்குள் அடங்கும். ஒற்றை வரிசை என்றால் 300. ஜோடி ஜோடியாக ஒட்டிக்கொண்டு நேற்றைய மேட்ச்சைப் பேசியபடி போவது எந்தக் கணக்கிலும் வராது. காரவள்ளியிலிருந்து ஏறும் 70 கொண்டை ஊசி வளைவுகளிலோ மாற்று வரிசையும் உதவாது. அங்கே ஒவ்வொருவருக்கும் தடம் முழுவதும் தேவை, ஒற்றை வரிசைதான்.

அடுத்து, முந்துதல். ஒன்றை உண்மையென்று அறியும் அளவைகள் காட்சி, கருதல், உரை என மூன்று. முன்னால் போனவர் லாரியை முந்திவிட்டார், ஆகவே எதிரில் ஒன்றும் வரவில்லை என்பது கருதல் அளவை. "வா மச்சான், ரோடு காலி" என்பது உரை அளவை. எதிரே வரும் பஸ்ஸின் முன் இரண்டுமே செல்லாது. அவரவர் கண்ணால் காணும் காட்சி ஒன்றே பிரமாணம்.

புதிதாக ஓட்டுகிறவரைக் கடைசியில் விடுவது நம் மரபு. "நீ மெதுவா வா, நாங்க வெயிட் பண்றோம்." அன்பின் வடிவில் வரும் கொடுமை இது. தலைவர் லாரியைத் தாண்டி மீண்டும் 60-ஐத் தொட்டுவிடுவார். பின்னால் உள்ளவர்களோ ஒருவர் பின் ஒருவராகச் சமயம் பார்க்க வேண்டும். அந்தத் தாமதமெல்லாம் சேர்ந்து கடைசி ஆளின் தலையில் விடியும். விட்டதைப் பிடிக்க அவர் 80-இல் பறப்பார். கூட்டத்திலேயே வேகமாக ஓட்டுகிறவர், மெதுவாக வரச் சொல்லப்பட்ட அந்தப் புதியவர்தான்! ஆகவே அவரைத் தலைவருக்கு அடுத்து வைத்து, அவர் வேகத்தையே எல்லாருடைய வேகமும் ஆக்க வேண்டும். கடைசி இடம் கைதேர்ந்தவருக்கு உரியது. பங்க்சர் கிட்டும் முதலுதவிப் பெட்டியும் அவரிடம் இருக்கட்டும். இடையில் உள்ளோர் தமக்குப் பின்னால் வருபவரைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டால் போதும். காணோமென்றால் வேகத்தைக் குறைக்க. சாலை பிரியும் இடத்தில் ஓரங்கட்டி நிற்க. எல்லாரும் அப்படிச் செய்தால் செய்தி ஹாரன் இல்லாமலே தலைவர் வரை போய்விடும்.

ஹெல்மெட் பற்றி நீண்ட ஆய்வு தேவையில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆம் பிரிவு அதைத் தலையில், வாரால் கட்டச் சொல்கிறது. முழங்கையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

எஞ்சியது டீக்கடை. முதலில் வந்தவர்கள் குடித்து, படம் எடுத்து, சோம்பல் முறித்து முடிக்கும்போதுதான் கடைசி வண்டி வந்து சேரும். அவர் ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் "கெளம்பலாமா?" என்பார்கள். அதிகம் களைத்தவருக்குக் குறைந்த ஓய்வு. எனவே அடுத்த ஞாயிறு கிளம்பவிருக்கும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம்: கடைசியாக வந்தவர் டம்ளரைக் கீழே வைக்கும்வரை எவரும் வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள்.